கூப்பிட்டால் மட்டும்

"இந்தாங்க தம்பி, என் ராஜினாமா."

ஒரிஹாரா அம்மா இரண்டு கைகளாலும் உறையை நீட்டினார். கோபத்திலும் குனிந்து வணங்கித்தான் நீட்டினார். அறுபது தாண்டிய முதுகு அது.

"என்னம்மா திடீர்னு?"

"திடீர்னு என்ன? வாசல்ல ஆள் வர்றாங்க, நான் மரம் மாதிரி நிக்கணும். வாங்கன்னு சொல்லக் கூடாது. என்ன வேணும்னு கேக்கக் கூடாது. கூப்பிட்டா மட்டும்தான் போகணும். நாற்பது வருஷமா நான் கத்துக்கிட்ட தொழிலே வர்றவங்களை வரவேற்கிறதுதானே. துணி மடிக்க நான் எதுக்கு?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஒகாயாமா கடைத்தெருவில் மருயோஷி கோட்டுக் கடை என்றாலே ஒரிஹாரா அம்மாவின் உபசாரம்தான். போன வருஷம் அந்தக் கடையை மூடியபோது, எங்கள் முதலாளி நிஷிவாகியே பலகாரப் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போய் வேலைக்கு அழைத்து வந்தார். அழைத்து வந்து வாயைக் கட்டிப்போட்டார்.

"முப்பது கடை வெச்சு என்ன பிரயோஜனம்? மரியாதையில கூட மிச்சம் பிடிக்கிற கஞ்சன். ஆளைக் குறைச்சா சம்பளம் மிச்சம்னு பத்திரிகைக்காரங்ககிட்ட அவரே சொன்னாரே."

சொன்னது உண்மைதான். நானும் படித்தேன். கடை மேனேஜரான எனக்கே அப்போது வெட்கமாக இருந்தது.

அன்று முதலாளி எங்கள் கடைக்கு வந்திருந்தார். பின்பக்கக் கிடங்கில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி சோற்று உருண்டையைத் தின்றுகொண்டிருந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்த உறையைப் பிரித்துப் படித்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"இவங்க போகக் கூடாது."

"அப்ப இவங்களை மட்டுமாவது வாங்கன்னு சொல்ல விடுங்க, முதலாளி."

"அது முடியாது."

"நாலு வார்த்தை நல்லதாப் பேசினா நம்ம சொத்து அழிஞ்சுடுமா?"

கேட்ட பிறகுதான் வாய் நீண்டுவிட்டதோ என்று பயந்தேன். அவர் கோபப்படவில்லை. கிடங்கு வாசல் திரையை லேசாக விலக்கி, "அங்க பாரு" என்றார்.

மார்ச் மாதம். அடுத்த மாதம் பள்ளிச் சேர்க்கை விழாவுக்கு முதல் வகுப்புப் பிள்ளைகள் போட்டுப்போகும் கோட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தோம். ஒரு பெண் ஆறு வயதுப் பையனோடு நின்றிருந்தாள். மேலங்கிக்குக் கீழே ஏதோ சாப்பாட்டுக் கடையின் ஏப்ரன் தெரிந்தது. ஒரு கோட்டின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், சட்டென்று விட்டுவிட்டாள். அடுத்த வரிசைக்குப் போனாள். மறுபடி வந்தாள்.

துணி மடிக்கும் மேஜையருகே நின்ற ஒரிஹாரா அம்மாவின் கால் துடிப்பது எனக்கே தெரிந்தது.

"இப்ப ஒரிஹாரா அம்மா பக்கத்துல போய்ப் பேசினா, அந்தப் பொண்ணு வாங்கிடும் முதலாளி."

"வாங்கலாம். இல்ல, ஓடிடலாம்."

அந்தப் பையன் மேலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அப்ப எனக்கு அந்தப் பையன் வயசு. எங்கம்மாவுக்கு மீன் சந்தையில வேலை. பள்ளிக்கூடத்துக்குக் கோட்டு வாங்கணும்னு ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வாசல்லயே குனிஞ்சு வரவேற்பு. உக்கார வெச்சு டீ. அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து எனக்குப் போட்டுப் பாத்து, மகாராஜா மாதிரி இருக்கான்னு சொன்னாங்க. அவ்வளவு மரியாதை பண்றவங்ககிட்ட, விலை கட்டுப்படாதுன்னு எந்த வாயால சொல்றது? குடிச்ச டீக்காவது எதாவது வாங்கணுமேன்னு அம்மா ஒரு கைக்குட்டை வாங்கினாங்க. பஸ்ஸுக்கு வெச்சிருந்த காசு அது. நடந்தே வீட்டுக்கு வந்தோம்."

"அப்ப விழாவுக்கு?"

"பழைய சட்டைதான். பையில அந்தக் கைக்குட்டை. அம்மா அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் ஒரு துணிக்கடை வாசலை மிதிக்கலை."

கஞ்சன் என்று இத்தனை நாள் நினைத்த மனதை நானே திட்டிக்கொண்டேன்.

திரைக்கு வெளியே அந்தப் பெண் நாலாவது தடவையாகச் சுற்றி வந்தாள். கடைசியில், கூடையில் விலை குறைத்துப் போட்டிருந்த கருநீலக் கோட்டை எடுத்துப் பையனின் முதுகில் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இங்க யாராவது இருக்கீங்களா? கை கொஞ்சம் நீளமா இருக்கு."

ஒரிஹாரா அம்மா ஓடினார். இடுப்பு வரை வளைந்து வணங்கினார். தரையில் மண்டியிட்டுக் கை நீளத்தை அளந்தார், குண்டூசி குத்தினார், பையனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

அவர்கள் போனதும் நேராக எங்களிடம் வந்தார். முதலாளி கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"அதைத் திருப்பிக் கொடுங்க. கை மடிச்சுத் தைக்கணும், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். வேற யார் தைச்சாலும் கோணிக்கும்."

"சரிங்க அம்மா" என்று முதலாளி இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"ஆனா ஒண்ணு. சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்தச் சட்டம்னு எனக்குத் தெரியும்."

"ஆமாங்க. கடை நடத்தணுமே."

உதட்டைச் சுழித்துவிட்டு அவர் மேஜைக்குத் திரும்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு முதலாளி வீணா கெட்ட பேரு? எங்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லியிருக்கலாமே?"

முதலாளி திரையை மெதுவாக மூடினார்.

"சொல்லிடாதே. அன்னிக்கு எங்கம்மாவுக்கு டீ கொடுத்தது அவங்கதான்."