தாராளமான மை

“இன்னும் தாராளமா வரணும் நானா. இது சொட்டுச் சொட்டா அழுவுது.”

ஹலீம் நானா கண்ணில் செருகியிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சோலைமலையைப் பார்த்தார். ஹட்டன் கடைவீதியில் பதினேழு வருடமாகப் பேனா பழுதுபார்க்கிறார். ஒழுகுகிறது, நிறுத்துங்கள் என்று வந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். போதுமான அளவு ஒழுகவில்லை என்று வந்த முதல் ஆள் இவன்தான்.

“பழைய காலத்துப் பேனா தம்பி இது. நிப்புக்கு அடியில இருக்கே இந்த நாக்கு, இதுல ஒரே ஒரு கோடுதான். மை எறங்குறதும் அதுலதான், காத்து ஏறுறதும் அதுலதான். காத்து உள்ள போனாத்தானே மை வெளிய வரும்? சவர பிளேடால கோட்டை ஆழமாக்கிட்டேன். ரெண்டு பக்கமும் நாலு பல்லு வெட்டி விடுறேன். மிச்ச மையை அது புடிச்சு வச்சுக்கும்.”

“பல்லு வேணாம் நானா. கோட்டை மட்டும் இன்னும் அகலமாக்குங்க.”

“புடிச்சு வைக்க ஒண்ணும் இல்லாட்டிக் கொட்டுமே!”

“கொட்டட்டும்.”

நானா பிளேடை எடுத்தார். அவருக்கு விஷயம் தெரியும். ஹட்டனுக்கே தெரியும்.

வெள்ளைக்காரர்கள் நாட்டைத் திருப்பிக் கொடுத்து ஐந்து வருடம் ஆகிறது. சோலைமலை கவ்வாத்து வெட்டும் தேயிலைத் தோட்டத்தை மட்டும் சேர்த்துக் கொடுக்க மறந்துவிட்டார்கள். அங்கே துரைதான் அரசாங்கம். துரைக்கு அடுத்தபடி, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது யாரிடமாவது நல்ல பொருள் கண்ணில் பட்டால், “தோட்டத்துக்காரனுக்கு எதுக்குடா இது?” என்பார். அதற்குப் பிறகு அது அவருடையது.

கொழுந்து பறிக்கும் மீனம்மாவின் குடையும் அப்படித்தான் போனது. சோலைமலை துரையிடம் புகார் சொன்னான். விசாரணை நடந்தது. மீனம்மாவின் குடையைப் பிடித்துக்கொண்டே கண்டாக்கு, மீனம்மாவின் குடையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். கறுப்புக் குடையெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று துரை முடிவு சொன்னார். நாளைக் காலை எட்டு மணிக்குக் கடைசி விசாரணை. அதிலும் நிரூபிக்காவிட்டால் சோலைமலையின் பெயர் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் இருக்காது. ஒரு வாரத்தில் பெண்சாதி வீரம்மாவோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி செய்ய வேண்டும்.

“மன்னிப்புக் கேட்டுட்டு வேலையப் பாரேன் தம்பி.”

“வீரம்மாகிட்டக் கேட்டுப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுட்டு வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டாளாம். எப்படியும் எனக்குக் காம்பரா இல்ல நானா.”

“சாட்சிக்கு ஆள் இல்லையா?”

“பெரட்டுல எரநூறு பேர் பார்த்தாங்க. தொர கேட்டப்ப எரநூறு பேருக்கும் ஒரே நேரத்துல கண்ணு மங்கிருச்சு.”

“அதனால எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறியாக்கும். எழுதணும்னா மை அளவா வரணும். இங்க பாரு.”

நானா ஒரு காகிதத்தில் ‘அ’ எழுதினார். அது வீங்கி, சுழி அடைபட்டு, காகிதத்தைத் துளைத்து மறுபக்கம் போய் நின்றது.

சோலைமலையின் முகம் மலர்ந்தது. “இப்பத்தான் சரி.”

“என்னத்தச் சரி? நிமிர்ந்து நின்னா மை உள்ளயே கெடக்கும். பேனா சாஞ்சா அவ்வளவுதான், மூடியில இருக்குற ஓட்டை வழியா மொத்தமும் வந்துரும். தொர முன்னால குனிஞ்சு ஒரு சலாம் போட்டியோ, நெஞ்செல்லாம் நீலம்!”

“நான் குனிய மாட்டேன் நானா.”

“ஆமா, பெரிய இவரு. எந்த மை ஊத்தட்டும்? தொவச்சாப் போறதும் இருக்கு, உசிரு போனாலும் போகாததும் இருக்கு.”

“போகாதது. கழுத்து வரைக்கும் ஊத்துங்க.”

“வீரம்மா உன்னையே தொவச்சுப் போட்டுருவா.”

“அந்த மையைத்தான் வாங்கிட்டு வரணும்னு சொன்னதே அவதான்.”

நானா புருஷனோடு சேர்த்துப் பெண்சாதியின் புத்தியைப் பற்றியும் கவலைப்படத் தொடங்கினார். மையை ஊற்றி மூடினார். சோலைமலை கிளம்பவில்லை.

“பேர் பொறிக்கணும் நானா.”

“ஒரு நாள் தாங்காத பேனாவுக்குப் பேரா?”

“பெருசா, இங்கிலீசுல. தொரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.”

“உன் பேனாவுல உன் பேரை அவரு எதுக்கு வாசிக்கணும்?” என்று கேட்டபடி, பத்துப் பேர் பார்வையில் படும்படி மூடியில் ஊசியை வைத்தார் நானா.

“அங்க வேணாம். கீழ போடுங்க, பைக்குள்ள மறையிற எடத்துல.”

பெயரைப் பொறித்து முடித்த நானா, ஊசியோடு பதினேழு வருடத்துப் பொறுமையையும் மேசைமேல் வைத்தார்.

“இங்க கேளு. விடியறதுக்கு முன்னால இதப் பையில சொருகிக்கிட்டு அந்தச் சரிவுல ஏறப் போறே. எத்தன தடவ குனிவே, எத்தன தடவ சறுக்குவே? எட்டு மணிக்குத் தொர முன்னால போய் நிக்கிறப்ப உன் சட்டை என்ன கதியில இருக்கும்னு யோசிச்சியா?”

“என் சட்டைக்கு ஒண்ணும் ஆகாது நானா,” என்றான் சோலைமலை. “கையிலயே நிமுத்திப் புடிச்சுக்கிட்டுப் போய் ஆறு மணிக்குப் பெரட்டுலதான் பையில சொருகுவேன். அடுத்த நிமிசம் கண்டாக்கையா அதப் புடுங்கித் தன் பையில போட்டுக்குவாரு. எட்டு மணிக்குத் தொர முன்னால அவரு குனியுற குனி இருக்கே, அத எந்தப் பேனாவும் தாங்காது.”