தெருவுக்கு ஒரே ஒரு முதல் கடை

நாம்வோன் நகரின் ஆற்றங்கரைத் தெருவில் வரிசையாக அயிரை சூப் கடைகள். 'முதல் கடை', 'அசல் முதல் கடை' என்று ஆளுக்கொரு பலகை. நகராட்சி தன் செலவில் புதுப் பலகை மாட்ட வந்தபோது, தெருவுக்கு ஒரே ஒரு முதல் கடைதான் என்று சொல்லிவிட்டது.

"இந்தத் தெருவுல ரெண்டாவது கடையே கிடையாதா?" என்று சிரித்தாள் நகராட்சிப் பெண்.

மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஓக்பூனும் பக்கத்துக் கடை மால்சுன்னும்தான் மிச்சம்.

"இங்க முதல்ல சூப் காய்ச்சினது நான்தான். இதுல என்னம்மா பஞ்சாயத்து?" என்றாள் ஓக்பூன். "பலகையில 'முதல் கடை'ன்னு இல்லேன்னா சுற்றுலா பஸ் என் வாசல்ல நிக்காது. அடுப்பை அணைச்சிட்டுப் போகவேண்டியதுதான்."

"நீங்க சொல்லுங்க பெரியம்மா" என்று மால்சுன் பக்கம் திரும்பினாள் நகராட்சிப் பெண்.

முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த மால்சுன், "அவதான் முதல். அவ பேரையே எழுதிக்கோ" என்றாள்.

நகராட்சிப் பெண் போனதும் ஓக்பூன் மால்சுன்னின் அருகில் வந்தாள்.

"அக்கா, உங்க அடுப்படியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பக்குவத்தைத் திருடிட்டு வந்தவ நான். ஏன் என் மானத்தை வாங்காம விட்டீங்க?"

"வாங்கியிருப்பேன்டி. 'நீங்க எங்க கத்துக்கிட்டீங்க பெரியம்மா'ன்னு அடுத்து என்னைக் கேப்பாளே!"

மால்சுன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானும் பக்கத்து ஊர்ல ஒருத்தி அடுப்படியில பாத்திரம் தேய்ச்சவதான். அந்த மகராசி எனக்குச் சோறும் போட்டா."