வேணுவின் இலை

வாளியைத் தலையில் கவிழ்த்ததும் பன்றி பின்னுக்கு நடக்கத் தொடங்கியது.

கண்ணை மறைத்துவிட்டால் பன்றி முன்னால் போகாது, பின்னால்தான் வரும். வாலைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே வந்தால் வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். புருஷன் வேணு இப்படிச் செய்ததை இளவரசி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். தானே செய்தது இன்றுதான்.

வேணு போய் இன்றைக்கு முப்பதாம் நாள். சாயங்காலம் படையல். செத்தவர் ஆசைப்பட்டதை எல்லாம் இலையில் வைத்துக் கும்பிடுகிற நாள்.

நேற்று மதியத்திலிருந்தே இந்தப் பன்றிக்கு அவள் தீனி போடவில்லை. அறுக்கப்போகிற பன்றிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். பசியில் அது இரவெல்லாம் கத்தியது. கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள், எழுந்து போகவில்லை.

பட்டியிலிருந்து புங்கமரத்தடிக்குப் பாதி தூரம் வந்திருப்பாள். வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் வேணுவின் அண்ணன் கோதண்டபாணி வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தம்பி பன்றி வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் இந்தப் படலைத் தாண்டியதில்லை. தம்பியின் பிணத்தைக்கூடத் தெருப்பக்கமாக வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

“எம்மா, நான் ஒரு கடா புடிச்சிக்கினு வந்து தர்றேன். இந்தக் கருமத்த எலையில வச்சின்னா பங்காளிங்க ஒருத்தரும் கும்புட வரமாட்டோம், சொல்லிட்டேன்.”

இளவரசி வாலை விடவில்லை. விட்டால் பன்றி வாளியை உதறிவிட்டு மல்லாட்டைக் கொல்லையில் பாய்ந்து கடலைச் செடியையெல்லாம் கிளறிவிடும்.

“உசுரோட இருக்கசொல்ல அதையே தின்னுக்கினு கெடந்தான். போன பிறகும் அதையேதான் போடணுமா?”



பங்காளிகள் வராமல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். படையலுக்கு வராதவர்கள் அதற்கப்புறம் நல்லது கெட்டது எதற்கும் வரமாட்டார்கள். நாளைக்கு மகள் சங்கவிக்குக் கல்யாணம் என்றால் பெரியப்பா, சித்தப்பா என்று மேடையில் நிற்க ஓர் ஆள் இருக்காது. நாலு பேர் இருக்கிற ஊரில் நாதியற்ற வீடாக நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பயத்துக்கு நடுவிலேயே ஆத்திரமும் எரிந்தது.

வேணு வளர்த்த வெள்ளைப் பன்றியை இந்த ஊரே தின்கிறது. மூலத்துக்கு மருந்து என்று சொல்லி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, கறுப்புக் கவரில் வாங்கிப் போகிறார்கள். அத்தனை பேருக்கும் மெய்யாகவே மூலம் இருந்தால் டீக்கடை பெஞ்சில் ஒருவரும் உட்கார முடியாது.

அவர்களெல்லாம் சுத்தம். விக்கிரவாண்டி ஓட்டல்களில் மீந்ததை வண்டியில் கட்டி எடுத்துவந்து, காய்ச்சி ஊற்றி வளர்த்தவன் மட்டும் அசுத்தம். குலசாமி கோயில் பொங்கலில் அவனுக்குக் கடைசிப் பந்தி, அதிலும் ஓரத்து இலை. ஏன் என்று ஒரு நாளும் அவன் கேட்டதில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்து எழுந்து வருவான்.

“வர்றதும் வராததும் உங்க இஷ்டம், மாமா. எலையில இதான்.”

கோதண்டபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட்டு நின்றிருந்த சங்கவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, பெரியப்பா போறாரும்மா.”

“போவட்டும். தண்ணி கொதிச்சிடுச்சான்னு பாரு.”

புங்கமரத்தடியில் பிரான்சிஸ் கத்தியோடு காத்திருந்தான். விக்கிரவாண்டியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கறிக்கடை போடுகிறவன். வருஷக்கணக்காக வேணுவிடம் பன்றி வாங்கியவன், கேட்டதும் வந்துவிட்டான். அவன் குத்தும்போது இளவரசி முன்னங்கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். கத்தல் ஊருக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. அடங்குகிற வரைக்கும் பிடியைத் தளர்த்தவில்லை.

வெந்நீர் ஊற்றி, மயிரைச் சுரண்டி, கழுவி, வாழையிலைமேல் கிடத்தினார்கள். பிரான்சிஸ் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துப் போட்டான். கத்தியை ஒருமுறை கழுவிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“அக்கா, படையலுக்கு எந்த எடம் எடுக்கட்டும்? அண்ணனுக்கு நெஞ்சுக்கறி புடிக்குமா, தொடையா?”

இளவரசி வாயைத் திறந்தாள். முப்பது நாளும் பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்த அழுகைதான் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“எல்லா எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடு, தம்பி.”

அவளுக்கு எப்படித் தெரியும்? வேணு பன்றிக்கறியை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை.

குலசாமி பந்தியில் அண்ணன் தம்பிகளோடு குற்றமில்லாமல் உட்கார வேண்டுமே என்று, அறுத்த கையோடு தலைமுழுகிவிட்டு வந்து ரசம் சோறு தின்றவன் அவன். தின்பாயா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனும் ஊரில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான், அதுவும் சிரித்துக்கொண்டே, அவளிடம் சொன்னான்.

“தின்னாமலே தின்னவன்னு பேரு வாங்கிட்டேன், இளவரசி. ஒரு வாட்டி தின்னுப் பாத்திருக்கலாம்.”