டேங்க் ரொம்புற சத்தம்

சாத்தியிருந்த பாத்ரூமுக்குள் டேங்க் ரொம்புகிற சத்தம் கேட்டது. சாப்பிட உட்கார்ந்த பிளம்பர் நிமிர்ந்தார்.

"உள்ள யாரு?"

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரும் இல்லீங்க. நம்ம ஃப்ளஷ் டேங்க் எப்பவும் ஒழுகிக்கிட்டுதானே இருக்கு? தண்ணி குறைஞ்சதும் தானா ரொம்புது."

அவர் பாத்ரூம் கதவைப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தினாள்.

"நாலு மாசமா எத்தனை டிரம் தண்ணி வீணாப் போச்சு! ஊரார் வீட்டு டேங்க்தானே உங்க கண்ணுக்குத் தெரியுது?"

அவர் எழுந்தார். அவள் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றாள்.

"முதல்ல சாப்பிடுங்க. ஆறிடும்."

"காலையில நீ கடைக்குப் போனப்பவே வாஷரை மாத்திட்டேன். இப்ப ஒரு சொட்டு ஒழுகாது."

அவர் அவளை மெல்ல விலக்கிவிட்டுக் கதவைத் தட்டினார்.

"எனக்குப் பயந்து ஒளியறவ இந்த உலகத்துல ஒருத்திதான். நீ விரும்பினவனைக் கட்டிக்கிட்டா என் வாசப்படி மிதிக்காதேன்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். அதுக்காக, பெத்த அப்பன் வீட்ல பாத்ரூம்லயா ஒளியறது? வெளிய வாம்மா, சாப்பாடு ஆறுது."