பூண்டுக்கு மூச்சு வாங்குது

“இன்னைக்கும் ஆரம்பிச்சிருச்சுங்க.”

கண்மணி குரல் கொடுத்ததும், கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ராஜமுருகன் போட்டது போட்டபடி ஓடினான். வெயில்கூட இன்னும் ஏறவில்லை. அதற்குள் பூண்டு நாக்கைத் தொங்கப்போட்டு, வயிறு ஏறி இறங்க, இரைத்துக்கொண்டு கிடந்தது.

பூண்டு, கண்மணி மலைமேல் இருக்கும் மன்னவனூரிலிருந்து சீர்வரிசையோடு கூட்டிவந்த நாய். வெள்ளைவெளேரென்று புசுபுசு முடி. பூண்டு விளைகிற வீட்டில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கல்யாணப் பந்தல் பிரித்த சூடு ஆறவில்லை, அதற்குள் நாயைச் சாகக் கொடுத்துவிட்டு மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது? ராஜமுருகன் தண்ணீர்க் கிண்ணத்தை அதன் வாயருகே தள்ளிவைத்தான்.

கண்மணிக்கும் நெற்றியெல்லாம் வேர்த்து, பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. பாவம், அவனைவிடப் பயந்துபோயிருந்தாள்.

பங்குனி உத்திரக் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்த நேரம். அடிவாரத்துப் பூஜைச்சாமான் கடையை விட்டு வீட்டில் ஒருத்தரும் அசையக்கூடாது என்பது அவன் அம்மா முருகம்மாள் போட்ட சட்டம். கெஞ்சிக் கூத்தாடி அம்மாவைச் சரிக்கட்டி, நாயோடும் பெண்டாட்டியோடும் ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனான்.

அங்கே காத்திருந்த நேரத்தில் இரைப்பு அடங்கிவிட்டது. டாக்டர் உதட்டைப் பிரித்து ஈறைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்றார். ஓடியாடினால் நாய் இரைக்கத்தான் செய்யும். சும்மா படுத்திருக்கும்போது இரைத்தாலோ, ஈறும் நாக்கும் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்றார்.

“சும்மாதான் படுத்துக் கெடந்துச்சு சார்,” என்றான் ராஜமுருகன்.

“குளிர்ல பொறந்தது சார்,” என்று கண்மணி குறுக்கே விழுந்தாள். “இங்கத்த வெக்கை சேரல போல. ஒரு வாரம் மேல கொண்டுபோயி வச்சிருந்தா?”

வைத்துப் பாருங்கள், அங்கேயும் இரைத்தால் சும்மா விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

பூண்டு கண்மணி கையால் வைத்தால்தான் சோறு தின்னும். அவளையும் அனுப்பத்தானே வேண்டும்? அம்மாவின் காலில் விழாத குறையாகப் பேசினான் ராஜமுருகன். முருகம்மாள் நாயை ஒரு பார்வை பார்த்தாள், மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். சரி, போய்விட்டு வரட்டும் என்றாள்.

சாயங்காலம், கேரட் மூட்டைகளைச் சந்தையில் இறக்கிவிட்டு மலையேறும் கண்மணியுடைய சித்தப்பாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. பூண்டு ஒரே தாவில் ஏறிக்கொண்டது. அதன் முதுகைத் தடவித் தடவி ராஜமுருகன் கண்கலங்கினான்.

முன்சீட்டில் உட்கார்ந்த மருமகளின் மடியில் முருகம்மாள் ஒரு பஞ்சாமிர்த டப்பாவை வைத்தாள். மகன் காதுக்கு எட்டாமல் குனிந்தாள்.

“அடுத்த தடவ ஒங்கம்மாவப் பாக்கணும்னா எங்கிட்டக் கேளு தாயி. வெள்ளனே எந்திரிச்சு நாயோட மாடிப்படி ஏறி எறங்காத.”