மிச்ச வார்த்தை

ஆங்கில வார்த்தைகளைப் பிரித்துக் காட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று துரைசிங்கம் சாரே சொல்லிக்கொள்வார். போர்டில் எழுத வருகிறவர்கள் கையில் சாக்பீஸைக் கொடுப்பார். எழிலி வந்தால் மட்டும் அந்த மேதையின் கை மேஜையோடு நின்றுவிடும். அவள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று ஏதாவது ஒரு வார்த்தையைப் பிரிக்கச் சொன்னதும் அவள் ‘அன்டச்சபிள்’ என்று எழுதினாள்.

“அசை நாலு சார். அர்த்தம் மூணு. அன்னுன்னா இல்ல. டச்சுன்னா தொடறது. ஏபிள்னா முடியறது.”

“சரி, போய் உக்காரு.”

அவள் போகவில்லை. முன்னாலிருந்த ‘அன்’னை உள்ளங்கையால் அழித்துவிட்டு, சாக்பீஸை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணால் மேஜையைக் காட்டினார்.

“மிச்சத்த வாசிங்க சார். உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா?” என்றாள், நீட்டிய கையை மடக்காமல்.