கோங்குரா பார்சல்

சோறு வடித்து ஆறு தட்டுகளிலும் போட்டாகிவிட்டது. குழம்பு வரும்வரை யாரும் கை வைக்கக்கூடாது என்று சமையல்காரர் அப்பலசாமி கரண்டியோடு காவல் நின்றார்.

பருப்பு போன வாரமே தீர்ந்துவிட்டது.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது சூரிபாபு. காலையில் கண் விழித்ததும் அவன் வாயில் இறால் போட்ட கோங்குரா, அதாவது புளிச்சக்கீரைக் குழம்பின் புளிப்பு. ஸ்ரீகாகுளத்து நாக்கு, பிடித்தால் விடாது. மத்தியானத்துக்குள் ஆறு பேருக்கும் எச்சில் ஊறியது.

அஜ்மானில் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கா பஞ்சம்? எல்லா இடத்திலும் அதே ஆரஞ்சு நிறக் குழம்பு. க்ரீமை ஊற்றி, சர்க்கரையைக் கொட்டி, கடைக்கொரு பெயர். சூரிபாபு ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டு, கீரை சிவப்புத் தண்டா, பச்சைத் தண்டா என்று கேட்டான். எல்லோரும் விழித்தார்கள். ஒரு கடையில் மட்டும் அடுப்படியிலிருந்து ஒரு பெண் போனைப் பிடுங்கினாள்.

"சிவப்புத் தண்டுதான்யா. பச்சைல புளிப்பு ஏது? எந்த ஊருய்யா நீ, இந்தக் குடை குடையுற?"

அந்தத் திட்டிலேயே அவனுக்குப் பாதி வயிறு நிறைந்தது. பணத்தை அபுதாபியில் இருக்கும் அவன் மச்சான் கட்டினான்.

இப்போது போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஏற்ற, நாளை ஜெனரேட்டர் ஓடினால்தான் முடியும். அதற்குள் பார்சல்காரர் வந்தாக வேண்டும்.

இரும்புச் சுவர் அனலாகக் கொதித்தது. சூரிபாபுவுக்கு மூச்சு முட்டியது. கதவு திறந்துதான் இருந்தது. போகத்தான் இடமில்லை.

போன் அடித்தது. எல்லோரும் தட்டோடு வெளியே ஓடினார்கள்.

பார்சல்காரர் பெஷாவர்க்காரர், குல் ஜமான்.

"பாய், கடற்கரைக்கே வந்துட்டேன். மேப்பு இன்னும் முன்னாடி போங்குது. முன்னாடி தண்ணி பாய்! எந்தக் கட்டடம் உங்களுது?"

"கட்டடம் இல்ல பாய். நேரா பாருங்க. துருப்பிடிச்ச கப்பல் ஒண்ணு தெரியுதா? ஓரத்துல ஆறு பேரு நிக்கிறோம்."

கரையில் ஒரு சின்ன உருவம் நெற்றியில் கை வைத்துக் கடலைப் பார்த்தது.

முதலாளி கைவிட்டு ஓடிப்போன கப்பல். இவர்கள் இறங்கவும் காகிதம் இல்லை, வேறு யாரும் ஏறவும் காகிதம் இல்லை.

"நான் எப்படி பாய் அங்க வர?" குல் ஜமானின் குரல் இறங்கிவிட்டது.

"வர முடியாதுன்னு தெரிஞ்சுதான் பாய் ஆர்டர் சொன்னோம். அங்கயே உக்காந்து நீங்க சாப்பிடுங்க. போனை மட்டும் பக்கத்துல வைங்க."

சூரிபாபு ஸ்பீக்கரைப் போட்டான். காகிதம் கசங்கியது. மூடி திறந்தது. அப்புறம் 'ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட உறிஞ்சல்.

"யா அல்லா! என்ன புளிப்பு! காதே அடைக்குது!"

"அசல்," என்றார் அப்பலசாமி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு பேரும் சோற்றில் கை வைத்தார்கள்.

"மெதுவா சாப்பிடுங்க பாய்," என்றான் சூரிபாபு. "நாங்க இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்."